ரோட்டைத் தாண்ட ஒரு பஸ்

போன மாதம் சனிக்கிழமைகளில் அம்மா சந்தைக்குப் போய் வர ரொம்ப நேரம் ஆக ஆரம்பித்தது. காலை ஆறரைக்குக் கோவை சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் வீட்டில் இருப்பார், பல வருடமாக அதுதான் வழக்கம். இப்போது ஒன்பதரை, சில நாள் பத்து. பையில் அரைக்கீரை துவண்டு கிடக்கும். கேட்டால் "பஸ் கெடைக்கல கண்ணு" என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி வேறு, அதனால் மூன்றாவது வாரம் நானும் கூடப் போனேன்.

சந்தையில் தாமதம் ஒன்றும் இல்லை, பஸ்ஸும் உடனே கிடைத்தது. காமராஜர் ரோடு வழியாக ஹோப்ஸ் சந்திப்புக்கு வந்து அவினாசி ரோட்டில் திரும்பி, பீளமேட்டில் எங்கள் ஸ்டாப் வந்ததும் நான் எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு சாமி. இங்க எறங்க வேண்டாம்."

"நம்ம ஸ்டாப்புமா."

"காந்திபுரம் போயி எதிர்ல வர்ற பஸ்ல ஏறுனா நம்ம பக்கமே எறங்கிக்கலாம். ரோட்டத் தாண்ட வேண்டியதில்ல."

எங்கள் வீடு ரோட்டுக்கு வடக்குப் பக்கம். சந்தைக்குப் போகும் பஸ் எங்கள் பக்கத்திலேயே வரும், திரும்பி வரும் பஸ் தெற்குப் பக்கம் இறக்கிவிடும். அந்த ஒரு ரோட்டைத் தாண்டப் பயந்து என் அம்மா காந்திபுரம் வரை போய், அங்கே வேறு பஸ்ஸுக்கு நின்று, மறுபடி பீளமேடு வருகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு செலவாகவில்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை. ஆனால் தனியார் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது, நாலு தனியார் பஸ் போனாலும் கவர்மெண்ட் பஸ் வரும்வரை கீரைப் பையோடு நிற்க வேண்டும். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

இத்தனைக்கும் இந்த ரோட்டில் நான் இருபது வருடமாகப் போய்வருகிறேன், பைக்கில். முன்பு எங்கள் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் சிக்னல் இருந்தது. கோவையில் கடந்த சில வருடங்களில் நிறைய சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு, நேரே போய் யூ-டர்ன் போட்டுத் திரும்பி வரும் முறையைக் கொண்டுவந்தார்கள். லாலி ரோடு மாதிரி சில இடங்களில் ரவுண்டானா. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே நிம்மதி, அதை மறுக்க மாட்டேன், நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சிவப்பு விளக்கு வண்டியை நிறுத்தும்போது அந்த அரை நிமிடத்தில் நடக்கிறவர்கள் தாண்டிக்கொண்டிருந்தார்கள், விளக்கோடு சேர்ந்து அந்த அரை நிமிடமும் போய்விட்டது என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. அம்மா அதை ஒரே வரியில் சொன்னார்: "நில்லுன்னு சொல்ல ஒரு லைட்டு இருந்துச்சு, இப்ப நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

அப்புறம் மேம்பாலம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய், ஜி.டி.நாயுடு பெயரில் 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஏர்போர்ட்டுக்கு அவசரமாகப் போகிறவர்களுக்குப் பெரிய வரம். அதன் கீழே ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தால், நடுவில் வரிசையாகத் தூண்கள். பாதி ரோட்டைத் தாண்டி ஒரு தூண் பக்கத்தில் நின்றுகொண்டால் அடுத்த பாதியில் என்ன வருகிறது என்று தலையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் தாண்டிப் பார்த்தேன். தூண் வரைக்கும் அம்மா நடைக்குப் பதினேழு வினாடி. சாதாரணமாக ஒரு மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் சிக்னலுக்கு நேரம் கணக்குப் போடுவார்கள், முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது ஒத்துவராது. வண்டி இல்லாத பதினேழு வினாடி அந்த நேரத்தில் அந்த ரோட்டில் கிடைக்கவே இல்லை. ஒரு கல்லூரிப் பையன் கையை உயர்த்திக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்ததால்தான் தாண்டினோம். அவன் கையும் நடுங்கியது.

நான் பைக்கை விட்டுப் பஸ்ஸுக்கு மாறியதற்கு வேறு காரணம். எங்கள் வீதியில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள், மூடினார்கள். மூடுவது என்றால் எடுத்த மண்ணையே தள்ளி, மேலே கொஞ்சம் ஜல்லி போட்டு வண்டியை ஓட்டிவிட்டுப் போவது. அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கினால்தான் மண் உட்காரும், இல்லையென்றால் மழை வந்துதான் அதை உட்கார வைக்கும். அப்படியே ஆனது. ஐப்பசியில் ரெண்டு மழை பெய்ததும் வீதி நீளத்துக்கும் ஒரு சாண் அகலத்தில் பள்ளம் விழுந்தது, ஓரத்தில் பழைய தார் கத்தி மாதிரி நின்றது. குறுக்கே குழி இருந்தால் வண்டி ஒரு குதி குதித்துத் தாண்டிவிடும். இது வண்டி போகிற திசையிலேயே ஓடுகிற பள்ளம், முன் சக்கரம் உள்ளே இறங்கினால் ஹேண்டிலைத் திருப்பினாலும் மேலே ஏறாது, தார் ஓரம் பிடித்துக்கொள்ளும். இரவு எட்டு மணி, தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பின்னால் லாரி எதுவும் வரவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே வீதியில்தான் காலையில் எல்.கே.ஜி. குழந்தைகளை முன்னால் நிற்க வைத்து ஸ்கூட்டியில் கூட்டிப்போகிறார்கள்.

ஒரு கையோடு பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாப்பின் ஓரத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்பதால் பஸ் பத்தடி தள்ளி நடுரோட்டில்தான் நிற்கிறது. நாம் இறங்கிப் போய் ஏற வேண்டும், அந்தப் பத்தடிச் சந்துக்குள் இடது பக்கமாகப் பைக்குகள் புகுந்து வரும். இறங்குகிறவர்களுக்கு அது இன்னும் மோசம், படியிலிருந்து காலை வைக்கும்போது பின்னால் பார்க்க முடியாது.

படியும் உயரம். அம்மா ஏறுவதை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பையைத் தூக்கி மேல்படியில் வைக்கிறார், ரெண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கிறார், வலி இல்லாத வலது காலை வைத்து, மூச்சைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிறார். அதற்குள் விசில் அடித்துவிடுவார்களோ என்று கண் கண்டக்டர் மேலேயே இருக்கிறது. அன்றைக்கு வந்த கண்டக்டர் நல்ல மனுஷன். "பொறுமையா ஏறுங்கம்மா, நானிருக்கறனுங்க" என்று சொல்லிப் பையை வாங்கி உள்ளே வைத்தார். ரோட்டு மட்டத்திலிருந்து ஏறாமல் நடைமேடையிலிருந்து ஏறினால் அந்த முதல் படியின் உயரம் நன்றாகக் குறையும். பஸ் ஓரத்தில் வந்து நின்றால் போதும், வேறு எந்தச் செலவும் இல்லை.

நடைமேடையையும் டேப் வைத்து அளந்தேன். சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடப்பவர்களுக்காக எழுதி வைத்திருக்கிற விதிப்படி ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு, அதாவது ஆறு அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் ஸ்டாப் பக்கத்தில் பதினொரு அங்குலம். அகலம் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு பெட்டி, அப்புறம் ஒரு கம்பம், அப்புறம் ரெண்டு போர்டு. அம்மா வயதுக்காரர்கள் யாரும் அதில் ஏறுவதே இல்லை, கீழே வண்டியோடு வண்டியாகத்தான் நடக்கிறார்கள்.

மெட்ரோ வருமா வராதா என்று டீக்கடையில் தினமும் பேசுகிறோம். வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தாலும் ஸ்டேஷனுக்கு இதே ரோட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் கேட்பது கம்பத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் அரை நிமிடம் சிவப்பு விழுகிற விளக்கு, எல்லா ஸ்டாப்புக்கும் பக்கத்தில். யூ-டர்ன் முறை அப்படியே இருக்கட்டும். வண்டி அரை நிமிடம் நிற்பதால் யாரும் எங்கேயும் தாமதமாகப் போய்விட மாட்டார்கள், நான் பைக் ஓட்டுகிறவன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

பக்கத்து வீதியில் ஒரு டெய்லர் அக்காவும் ரிட்டயர்ட் மில்காரர் ஒருவரும் இதே மாதிரி காந்திபுரம் போய்த் திரும்புகிறார்கள் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர்களிடமும் கையெழுத்து வாங்கி மனு எழுதியிருக்கிறேன், இதுவரை நாற்பத்திரண்டு கையெழுத்து. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம். அம்மாவும் வருகிறேன் என்கிறார். அங்கே போகக் காந்திபுரம் பஸ்ஸில் ஏற வேண்டும், அது தெற்குப் பக்கம்தான் வரும், அதனால் எங்கள் பக்கமே ஏறி ஹோப்ஸ் போய்ச் சுற்றி வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கையைப் பிடித்துத் தாண்டிக்கொள்ளலாம்மா என்று சொல்லியிருக்கிறேன்.