லாயத்துக்குப் போகாத காலைகள்

எலும்பு அடர்த்திச் சோதனைத் தாளில் என் முதுகெலும்புக்கு நேரே மைனஸ் 2.8 என்று அச்சாகியிருந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும் என்பது எனக்குத் தெரியும். அம்மா கடைசிக் காலத்தில் கூன் விழுந்து நடந்ததைப் பார்த்தவள் நான். டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். நடங்க, எடை தூக்குங்க, மாத்திரையை விடாம எடுங்க. "கீழ விழாம மட்டும் பார்த்துக்கோங்க" என்றார். அப்புறம்தான் நான் குதிரை ஏறுகிறவள் என்று சொன்னேன்.

குதிரை ஏறுகிறவர்கள் விழுகிறவர்களும்தான். வருடக்கணக்கில் ஏறிய யாரையும் கேட்டுப் பாருங்கள், எப்போது, எந்தத் திருப்பத்தில், எந்தத் தோளில் விழுந்தார்கள் என்று சொல்வார்கள். என் குதிரை சாம்பன் 16 கை உயரம். ஒரு கை என்பது 4 அங்குலம். அதுவும் தோள்மேடு வரைக்கும்தான் கணக்கு, நாம் உட்கார்ந்தால் தலை இன்னும் மேலே. அந்த உயரத்திலிருந்து, ஓட்டத்தில், தேய்ந்த எலும்போடு விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.

முதுகு, முழங்கால், பணம், வேலை மாற்றம், கைக்குழந்தை என்று காரணம் எதுவானாலும், குதிரையை விட்டவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வேற ஹாபி ஏதாவது பிடிச்சுக்கோங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் குதிரை ஒரு ஹாபி இல்லை. பல விஷயங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு அது. ஒரு புது ஹாபி அந்தக் கட்டு முழுவதையும் ஈடுசெய்யும் என்று எதிர்பார்த்தால் எதுவுமே போதாது என்றுதான் தோன்றும். கட்டைப் பிரித்து, உள்ளே என்னென்ன இருந்தன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இடம் தேட வேண்டியிருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் குதிரை என்றால் விடிவதற்கு முந்தைய வேலை. ஈசிஆர் பக்கம் இருக்கும் லாயத்துக்கு இருட்டில் கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். மனிதரைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. அது நின்றால் மூக்கு விடைத்து மூச்சு வாங்கும், உடம்புச் சூடு இறங்கவே இறங்காது. சாம்பனுக்குக் கடைசி இரண்டு கோடைகளிலும் அது எட்டிப் பார்த்தது. ஏறி இறங்கியதும் தண்ணீர் அடித்து, வழித்துவிட்டு, மறுபடி அடிப்போம்.

காலையில் போனதும் முதல் வேலை தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்ப்பது. ஓய்வாக இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28இலிருந்து 44 வரை இருக்கலாம். அப்புறம் விலாவில் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்க வேண்டும். குதிரைக்கு வாந்தி வராது. வயிற்றில் எது சிக்கினாலும் உள்ளேதான், அதனால் சத்தம் இல்லாத வயிறு எங்களுக்குப் பயம். பிறகு நான்கு குளம்புகளையும் தூக்கி மண், சாணம் சுரண்டி முகர்ந்து பார்ப்பேன். அழுகல் வாடை வந்தால் அன்றைக்கே மருந்து. குதிரைமசால் வந்ததா, காய்ந்த புல்லில் பூஞ்சணம் இருக்கிறதா என்று குதிரைக்காரரோடு பேச்சு. மூன்று மணி நேரத்தில் சேணத்தின் மேல் இருந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. நிறுத்திய பிறகு நான் ஏங்கியது பெரும்பாலும் மீதி இரண்டு மணி நேரத்துக்கு.

சாம்பன் பந்தயத்திலிருந்து வந்தவன். இரண்டு வயதில் ஓட ஆரம்பித்து, பள்ளிப் பிள்ளையின் வயதில் ஓய்வு பெற்றுவிடுகிற இனம் அது. ஆனால் நன்றாக வைத்துக்கொண்டால் இருபத்தைந்து வயதையும் தாண்டி வாழும். லகான் இறுகினால் அதன் மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடத்தான் அவன் பழகியிருந்தான். கையை இளக்கினால் நிற்கலாம் என்று அவனுக்குப் புரியவைக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்தக் கைப்பழக்கம் பின்னால் எனக்கு வேறு இடத்தில் உதவியது. அதற்கு வருகிறேன்.

முதலில் நீச்சலுக்குப் போனேன். தண்ணீர் பிடித்தது, ஆனால் எலும்புக்கு வேண்டியது எடை தாங்கும் வேலை. தண்ணீர் அந்த எடையை எடுத்துவிடுகிறது. அதனால் வாரத்தில் சில நாள் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி எடை தூக்குகிறேன். அதை ஹாபி என்று சொல்ல மாட்டேன், மருந்து.

"ஏறாட்டி என்ன, கீழ நின்னு குதிரையோட இருக்கலாமே" என்றும் சிலர் கேட்டார்கள். அரை டன் எடையுள்ள மிருகம் ஈ கடித்ததற்காகப் பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தால்கூடப் போதும், என் எலும்புக்கு. தவிர, மற்றவர்கள் ஏறுவதைத் தினமும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் மனசு எனக்கு இல்லை.

காலை நேரத்துக்கு ஒரு வேலை கிடைத்தது பள்ளிக்கரணையில். உடம்பு இருட்டில் எழுந்துகொள்வதை நிறுத்தவில்லை, எழுந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி பைனாகுலரைக் கையில் கொடுத்து அழைத்துப் போனாள். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்பு நிலம், ஒரு பக்கம் ரேடியல் ரோட்டில் லாரி போகிறது, இன்னொரு பக்கம் நீலத் தாழைக்கோழி சேற்றில் கால் தூக்கி வைத்து நடக்கிறது. அதன் நடையைப் பார்த்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது. குதிரைக்காரர்களுக்கு நடைதான் முதல் பாடம். முன்கால் வலிக்கும் குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். இதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்குக் கரைப்பறவைகள் அவ்வளவு சிரமம் இல்லை. எல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒரே மாதிரி தெரியும் என்று புதியவர்கள் சலித்துக்கொள்வார்கள். நிறத்தை விடுங்கள், எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். நெடுங்கால் உள்ளான் தண்ணீரில் அடி அளந்து வைக்கும். இலைக்கோழி நீண்ட விரல்களை விரித்து மிதக்கும் இலை மேலேயே போய்விடும்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இப்போது நானும் சேர்ந்துகொள்கிறேன். குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் பார்த்து, பட்டியலை இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். மொட்டைமாடியிலிருந்தே செய்யலாம். ஆனால் பறவைகள் நம்மைப் பார்த்துப் பறந்துதான் போகும். அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். தொட்டுப் பழகிய கைக்கு மட்டும் அது கொஞ்சம் பசி.

தாளம் நான் எதிர்பார்க்காத இடம். எங்கள் தெருவில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளை உள்ளே கூப்பிட்டு, "வாத்தியம் வேண்டாம்னா கொன்னக்கோல் மட்டும் கத்துக்கோங்களேன்" என்றார். தாளச் சொற்களை வாயாலேயே சொல்லும் கலை அது. குதிரை நடக்கும்போது நான்கு அடி கேட்கும். குறுக்குக் கால்கள் ஜோடியாகப் படும் டிராட் என்ற ஓட்டத்தில் இரண்டு. அதைவிட வேகமான கேன்டரில் மூன்று, அதன்பின் நான்கு கால்களும் காற்றில் இருக்கும் ஒரு சின்ன இடைவெளி. இந்த மூன்றையும் வருடக்கணக்கில் இடுப்பால் எண்ணியவள் நான். தகதிமியும் தகிடவும் வாயில் உடனே உட்கார்ந்துவிட்டன. மாமாவுக்கே ஆச்சரியம். கண்டத்துக்கு வந்ததும்தான் நின்றேன். தகதகிட, ஐந்து. எந்தக் குதிரையும் அந்தக் கணக்கில் கால் வைக்காது. அங்கிருந்துதான் நான் நிஜமாகப் படிக்க ஆரம்பித்தேன். மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்று போகப் போக, குதிரையை நினைக்காமல் ஒரு மணி நேரம் கடந்துபோயிருக்கும். அந்த வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடக்கையில் எனக்குள் ஏதோ இளகியிருப்பது தெரியும்.

ஆனால் என்னை முழுதாகப் பிடித்து வைத்துக்கொண்டது தோல் தையல்.

சேணம் துடைப்பது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. சேணச் சோப்பு, எண்ணெய், வியர்வை, புல் எல்லாம் கலந்த அந்த வாடையை லாயத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் லாயத்துக்குப் பட்டிகள் சரிசெய்ய ஒரு பெரியவர் வருவார். அவரிடமே போய்க் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். அவர் தைப்பது ஒரே நூலில், இரண்டு முனையிலும் ஊசி கோத்து. குத்தூசியால் போட்ட துளை வழியாக ஒரு ஊசி இந்தப் பக்கத்திலிருந்து போகும், இன்னொன்று அதே துளைக்குள் அந்தப் பக்கத்திலிருந்து வரும். தையல் இயந்திரம் இரண்டு நூல்களை ஒன்றோடொன்று மாட்டித் தைக்கிறது, ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் நெகிழும். கைத்தையலில் ஒரு இடத்தில் அறுந்தாலும் இன்னொரு பாதி நூல் பிடித்துக்கொண்டிருக்கும். சேணத்துக்கு இன்னும் கையால் தைப்பது அதற்காகத்தான். பட்டி அறுந்தால் ஆள் கீழே.

"அம்மா, இழுக்காதீங்க. ரெண்டு கையும் ஒண்ணா வரணும்" என்றார் முதல் நாளே. இரண்டு கையிலும் ஒரே கனம், ஒன்று அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. சாம்பனின் வாயோடு இத்தனை வருடம் நான் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான். கை அதை மறந்திருக்கவில்லை. நூலை இறுக்கும்போது வலது கை முந்தினால் தையல் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு வரிசை நேராக விழுந்த அன்று நான் மேஜையிலேயே உட்கார்ந்து அழுதேன். கைக்கு வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷம் அது.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தோல் வேலைக்கு ஒரு குறையும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பக்கத்தில், 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில், கடைகள் பெரியமேட்டில். தமிழ்நாட்டில் மரப்பட்டை கொண்டு பதனிட்ட தோல் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று வெளிநாடுகளுக்குப் போனது. முன்பெல்லாம் அதற்கு ஆவாரம்பட்டைதான், கூடக் கடுக்காயும் உண்டு. குரோமியத்தில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், பைக்கு நல்லது. பட்டையில் பதனிட்டது விறைப்பாக இருக்கும், விளிம்பைத் தண்ணீர் தொட்டுக் கட்டையால் தேய்த்தால் பளபளவென்று மூடிக்கொள்ளும். வயது ஏற ஏற நிறம் கறுக்கும். எனக்கு இதுதான் பிடிக்கிறது. கண்ணாடி உறை, நோட்டுக்கு அட்டை, நாய்களுக்குக் கழுத்துப்பட்டை தைக்கிறேன். குதிரை ஏறுகிறவர் உயிரை நம்பிவைக்கும் பட்டி எதையும் தைப்பதில்லை என்று தீர்மானமாக இருக்கிறேன். அது பெரியவரின் கைக்கு உரியது.

இத்தனைக்கும் பிறகும் ஒன்று வெறுமையாகத்தான் இருக்கிறது. நான் வந்ததும் சாம்பன் லாயத்தின் அரைக்கதவுக்கு மேல் தலையை நீட்டி, தொண்டைக்குள் மெல்ல உறுமுவானே, அதற்கு ஈடு எதுவும் இல்லை. தோல் என்னை அடையாளம் கண்டுகொள்வதில்லை. அந்த இடத்தை நிரப்பப் பார்ப்பதை விட்டுவிட்டேன். விட்டவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான், அந்த ஒன்றுக்காக அழ வேண்டியிருந்தால் அழுதுவிடுங்கள், புது ஹாபியின் தலையில் அதைச் சுமத்தாதீர்கள்.

சாம்பன் இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு பண்ணையில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறான். அந்தக் குளிரில் அவனுக்கு மூச்சு வாங்குவதில்லை, ஒழுங்காக வியர்க்கிறது. கொடுக்கும்போது எழுதி வாங்கினேன்: வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் விற்கக் கூடாது, முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். குதிரையைக் கொடுக்கிற எல்லோரும் இதைச் செய்யுங்கள், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாலும் செய்யுங்கள். அங்கே அவன் மேல் ஏறும் பெண் பள்ளியில் படிக்கிறாள், சில சமயம் போன் செய்வாள். "ஆன்ட்டி, இவன் இடது பக்கம் திரும்பவே மாட்டேங்கிறான்" என்றாள் போன வாரம். "உள்காலை முதல்ல கொடும்மா, லகான் அப்புறம்" என்றேன்.

தோல் தையலை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: பெரியமேட்டில் முழுத் தோல் சதுர அடிக் கணக்கில் விலை. ஆரம்பத்துக்குத் துண்டுத் தோல்களே போதும், இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், பட்டையில் பதனிட்டதாகக் கேளுங்கள். முனை மழுங்கிய ஊசி இரண்டு, ஒரு குத்தூசி, தேன்மெழுகு, கெட்டி நூல், தோலைப் பிடித்துக்கொள்ள ஒரு மரக்கவ்வி. முதல் வேலையாகக் கண்ணாடி உறை எடுத்துக்கொள்ளுங்கள், பை வேண்டாம். நூலைத் தையலின் நீளத்துக்கு நான்கு மடங்காக வெட்டுங்கள். நடுவில் தீர்ந்துபோனால் ஒட்டுப் போட்ட இடம் தெரியும்.