பார்க்கலாம் அக்கா

“ஜூன் கடைசில வந்துடுவல்ல?” என்று அக்கா கேட்டார். “பார்க்கலாம் அக்கா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். இது நடந்து ஓராண்டு ஆகப்போகிறது. இப்போதும் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, இருந்தாற்போல் கும்பகோணத்தில் அந்த வாசற்படிக்குப் போய் நின்றுவிடுகிறேன்.

நம் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் தையற்காரர் “பார்க்கலாம்” என்றால் துணியை வேறு கடைக்கு எடுத்துப் போக வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்காவோ வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர். கிடைக்காது என்று தெரிந்த கடனுக்கு வந்து நிற்பவர்களிடம் அவரே நாள்தோறும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆகையால் என் சொல்லின் பொருள் அவருக்கு விளங்காமல் போயிருக்க முடியாது என்று எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். ஆனால் நான் அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகும் திருத்தவில்லை.

அவருடைய மகளைப் பதினாறு மாதங்கள் பார்த்துக்கொண்டேன். 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கொடுத்த 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்த மறுநாள் அக்கா வேலைக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது. குழந்தைக்கு ஆறு மாதம்கூட நிறையவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. அக்காவின் கிளையில் இருந்தவர்கள் பதினோரு பேர். நான் தொலைநிலைக் கல்வியில் நூலக அறிவியல் படித்துக்கொண்டு பகலெல்லாம் வீட்டில் இருந்தேன். மாதம் 6,000 ரூபாய், காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை, நாலு வீடு தள்ளி. அதை வேலை என்று என் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள். “பாப்பாவைப் பார்த்துக்கப் போயிருக்கா” என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேனோ என்னவோ. வேலை என்று நினைத்திருந்தால் ஒரு மாதம் முன்னதாகவே ஒழுங்காக அறிவித்திருப்பேன்.

சென்னையில் மே, ஜூன் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது அக்காதான் முதலில் மகிழ்ந்தார். மன்னார்குடியிலிருந்து அவருடைய அம்மா வந்து இரண்டு மாதம் இருப்பது என்று ஏற்பாடாயிற்று. அதற்குப் பிறகு, ஏப்ரல் இருபதாம் தேதி வாக்கில், பயிற்சியை ஆண்டு இறுதிவரை நீட்டிக்க வாய்ப்புண்டு, விருப்பமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் பதில் எழுதவில்லை. பதில் எழுதாத ஒன்றை முடிவு என்று எப்படிச் சொல்வது? இதுவும் என் தரப்பு வாதம்தான். ஆனால் பெட்டி கட்டும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலையும் பட்டச் சான்றிதழையும் பழைய நாளிதழில் சுற்றி அடியில் வைத்தேன். இரண்டு மாதப் பயிற்சிக்கு யாரும் அசலை எடுத்துப்போவதில்லை.

கடைசி நாளன்று அக்கா நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே ஏப்ரல் சம்பளத்துக்கு மேல் 2,000 ரூபாய் இருந்தது. “ஊர் புதுசு, கையில இருக்கட்டும். வந்தப்புறம் கழிச்சுக்கலாம்” என்றார். அதற்கு அடுத்ததுதான் அந்தக் கேள்வி. அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டதில் தவறில்லை. அவர் கொடுத்தது முன்பணம், அதற்கு நான் சொன்ன பதில் பார்க்கலாம். உறையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். சென்னையில் விடுதிக்கு முன்பணம் கட்ட எனக்குப் பணம் தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பாப்பா அப்போது தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றே முக்கால் வயதுக்குத் தூளி சிறியது, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் அதில் போட்டால்தான் தூங்குவாள். எழுப்பட்டுமா என்று அக்கா கேட்டதற்கு வேண்டாம் என்றேன். நாள்தோறும் ஆறரைக்கு நான் கிளம்பும்போது டாட்டா காட்டுவாள், உள்ளங்கையைத் தன் முகத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. எதிரில் ஆடுகிற கையில் தனக்குத் தெரிவது உள்ளங்கை என்பதால், தன் கையிலும் உள்ளங்கை தனக்குத் தெரிய வேண்டும் என்று அவளுக்குக் கணக்கு. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு அந்த இரண்டு சொற்களைச் சொல்லியிருக்க என்னால் முடிந்திருக்குமா என்று தெரியவில்லை. முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரவு உழவன் விரைவு வண்டியில் மேல் படுக்கையில் ஏறியதும் நன்றாகவே தூங்கிப்போனேன்.

ஜூன் 20-ஆம் தேதி அக்கா அழைத்து, எந்த வண்டிக்குப் பதிவு செய்திருக்கிறாய் என்று கேட்டார். நீட்டித்துவிட்டார்கள் என்று, ஏதோ அன்று காலைதான் முடிவானதுபோல் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னணியில் குக்கர் விசில் அடித்தது. “பார்க்கலாம்னுதானே சொன்னே” என்றார். குற்றம் சாட்டினாரா, அல்லது நான் சொன்னதன் பொருள் அப்போதுதான் பிடிபட்டு அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. “சரிம்மா, வேளைக்குச் சாப்பிடு, அங்க வெயில் ஜாஸ்தி” என்று வைத்துவிட்டார். அவருடைய அம்மாவுக்கு ஜூலையில் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள் என்பதும், அது என்னால் தள்ளிப்போனது என்பதும் பிறகு என் அம்மா சொல்லித்தான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனா? வேறு மாதிரி நடந்திருக்க மாட்டேன். வேறு மாதிரிச் சொல்லியாவது இருக்கலாம்.

அன்றிரவே அந்த 2,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அதே தொகை திரும்பி வந்தது, கூட ஒரு சொல்லும் இல்லாமல். கோபமாக இருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டிருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். கோபம் என்பதால்தான் வாங்கவில்லை என்று இன்னொரு நாள் தோன்றும். மறுபடியும் அனுப்பத் துணிவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பலகாரத் தட்டோடு அவர் வீட்டுக்குச் சென்றேன். பாப்பா அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அக்காவின் புடவைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள், கிட்டே வரவில்லை. அன்று நான் சொன்னதைப் பற்றிப் பேச வேண்டும் என்றே போயிருந்தேன். காபி வந்தது, மழையைப் பற்றிப் பேசினோம், என் அப்பாவின் சர்க்கரையைப் பற்றிப் பேசினோம். எழுந்திருக்கும்போது அக்கா, “அந்தத் தூளிக்கு எப்படி முடிச்சுப் போடுவே? நீ போனப்புறம் எங்க யாருக்கும் வரவே இல்ல, நழுவிக்கிட்டே இருந்துச்சு” என்றார். பழைய சுங்குடிப் புடவையைப் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். நாற்காலியில் ஏறி, இரண்டு முனையையும் கொக்கியில் நுழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கி, முறுக்கின் அடியில் முடிந்து காட்டினேன். அக்கா தன் பாரத்தையெல்லாம் கொடுத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நழுவவில்லை.

“இப்ப கட்டில்லயே தூங்கிடுறா” என்று சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார்.