போக்கிமான் கார்டு ஆட்டம்: விதிகளை எந்த வரிசையில் படிப்பது

விதிப் புத்தகத்தை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு மேஜைக்கு வருகிறவர்கள்தான் முதல் ஆட்டத்தில் அதிகம் திணறுகிறார்கள். படித்தது மறந்து போவதில்லை. எந்த விதி எந்த நேரத்தில் எழும் என்பதுதான் பிடிபடுவதில்லை. இந்த ஆட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு விதிக்கும் டர்னுக்குள், அதாவது ஒருவர் ஆடும் முறைக்குள், ஓர் இடம் உண்டு. அந்த இடத்தோடு சேர்த்துப் படிப்பவர்களுக்குத்தான் விதி மனசில் நிற்கிறது. பெங்களூரில் பிள்ளைகளுக்காகக் கற்றுக்கொள்ளும் பெற்றோருக்கும், ஆபீஸ் முடிந்து புதிதாக விளையாட வருகிறவர்களுக்கும் நாங்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது வருகிறவர்களில் பலர் 2024 அக்டோபரில் வந்த, இதே ஆட்டத்தைச் சுருக்கி ஃபோனில் ஆடவைக்கும் பாக்கெட் செயலியில் விளையாடிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் பாதி உதவும், பாதி காலை வாரிவிடும். பாக்கெட்டில் டெக் (ஒருவர் ஆடும் கார்டுக் கட்டு) 20 கார்டு, ஒரே பெயரில் 2 தான். நிஜ ஆட்டத்தில் டெக் சரியாக 60 கார்டு, ஒரே பெயரில் 4 வரை. அட்டாக் செய்யத் தேவைப்படும் எனர்ஜி கார்டுகளில் அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. அங்கே பெஞ்சில் (காத்திருக்கும் போக்கிமான்களின் வரிசையில்) 3 இடம், இங்கே 5. அங்கே எனர்ஜி தானாக வரும். இங்கே கையில் இருந்தால்தான் உண்டு, டர்னுக்கு ஒன்றுதான் போக்கிமானோடு ஒட்டலாம். அங்கே வீக்னஸுக்கு (ஒரு வகைக்கு எதிரான பலவீனத்துக்கு) டேமேஜ் 20 கூடும், இங்கே இரு மடங்காகும். அங்கே டெக் தீர்ந்தாலும் ஆட்டம் ஓடும்; இங்கே டர்ன் தொடக்கத்தில் எடுக்கக் கார்டு இல்லையென்றால் தோல்வி. இந்த வித்தியாசங்களை ஒரு தாளில் எழுதி முதல் சில ஆட்டங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. பொம்மைக் கடைகளிலும் நடைபாதையிலும் தங்க நிறத்தில் பளபளக்கும் 55 கார்டு பாக்கெட்டுகள் கிடைக்கும். அவை போலி. ஹெச்பி எண்கள் (எவ்வளவு அடி தாங்கும் என்பவை) தாறுமாறாக இருக்கும், அட்டாக் வாசகம் அரைகுறையாக இருக்கும், எழுத்துப் பிழை இருக்கும். விதி கற்பதே கார்டின் வாசகத்தை நம்பித்தான் என்பதால், போலிக் கார்டை வைத்துப் படித்தால் தப்பாகத்தான் படிய வரும். எந்தக் கார்டு வரும் என்று தெரியாத பூஸ்டர் பாக்கெட்டுகளைப் பிரித்துச் சேர்ப்பதும் வேண்டாம், அதில் ஒரு டெக் தேறாது. புதியவர்களுக்கான பேட்டில் அகாடமி பெட்டியில் மூன்று டெக், காயின், வாங்கிய அடியைக் குறிக்கும் டேமேஜ் கவுன்ட்டர் (ஒன்றுக்கு 10) எல்லாம் இருக்கும். அடுத்த படிக்கு லீக் பேட்டில் டெக் என்ற தயார் டெக் போதும்.

செலவே வேண்டாம் என்றால் அச்சடித்துக்கொள்ளலாம். கார்டின் அளவு 63க்கு 88 மி.மீ. ஓர் ஏ4 தாளில் 9 கார்டு அடங்கும், ஒரு டெக்குக்கு 7 தாள் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் வசதி போட்டிருந்தால் கார்டு சிறிதாகிவிடும். வெட்டிய தாளை ஏதாவது ஒரு பழைய கார்டின் முன்னால் வைத்து ஸ்லீவில் (கார்டு உறையில்) போட்டால் கலைப்பதற்கு வசதியாக இருக்கும். ஸ்லீவ் வாங்கும்போது ஸ்டாண்டர்டு அளவு என்று கேட்டு வாங்குங்கள். ஜப்பானிய அளவு என்று வருவது யூகியோ கார்டுக்கானது, அதில் இது நுழையாது. இந்தத் தாள் கார்டுகள் வீட்டோடு சரி, போட்டியில் செல்லாது.

முதல் இரண்டு மூன்று ஆட்டங்களை இருவருமே கையில் உள்ள கார்டுகளைத் திறந்து வைத்து ஆடுங்கள். தொடக்க ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள்: கலைத்து, எதிராளியை வெட்டச் சொல்லி, 7 கார்டு எடுத்து, அதில் பேசிக் போக்கிமான் (நேராகக் களத்தில் இறக்கக்கூடியது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒன்றைக் கவிழ்த்து ஆக்டிவ் இடத்தில் (சண்டையிடும் இடத்தில்) வையுங்கள், மற்ற பேசிக்குகளை விருப்பம்போல் பெஞ்சில் வையுங்கள், பிறகு டெக்கின் மேலிருந்து 6 கார்டைப் பார்க்காமல் ப்ரைஸாக (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுப்பவை, எல்லாவற்றையும் எடுத்தால் வெற்றி) ஒதுக்குங்கள். பேசிக் இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கலைக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு முறைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். டெக்கில் 8 பேசிக் மட்டும் இருந்தால் முதல் கையிலேயே இது நேர 35 சதவீதம் வாய்ப்பு, 12 இருந்தால் 19 சதவீதம். சொந்தமாக டெக் கட்டத் தொடங்கும்போது இந்த இரண்டு எண்களும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

பிறகு டர்ன். ஒரு கார்டு எடு, வேண்டியதைச் செய், அட்டாக் செய், முடிந்தது. நடுவில் இருக்கிற ‘வேண்டியதைச் செய்’ பகுதியில்தான் குழப்பம் முழுவதும். எதையெல்லாம் டர்னுக்கு ஒரே ஒரு முறை செய்யலாம் என்பதை மட்டும் முதலில் மனப்பாடம் செய்யுங்கள்: கையிலிருந்து எனர்ஜி ஒன்று, சப்போர்ட்டர் (உதவிக்கு வரும் மனிதர் கார்டு) ஒன்று, ஸ்டேடியம் (இருவருக்கும் பொதுவான களக் கார்டு) ஒன்று, ரிட்ரீட் (ஆக்டிவைப் பெஞ்சுக்கு மாற்றுவது) ஒரு முறை. ஐட்டம் (பொருள் கார்டு) எத்தனை வேண்டுமானாலும், எபிலிட்டி (போக்கிமானின் தனித்திறன்) அந்தந்தக் கார்டு சொல்கிறபடி. முதலில் ஆடுகிறவருக்கு முதல் டர்னில் அட்டாக் கிடையாது, சப்போர்ட்டரும் கிடையாது. இருவருக்குமே முதல் டர்னில் எவால்வ் செய்ய (போக்கிமானை அதன் அடுத்த வளர்ச்சிக் கார்டாக மாற்ற) முடியாது. அந்த டர்னில் இறக்கிய போக்கிமானையும் எவால்வ் செய்ய முடியாது. ரேர் கேண்டி என்ற ஐட்டம் ஸ்டேஜ் 1 என்ற நடுப்படியைத் தாண்டிப் போக விடுமே தவிர, இந்தத் தடையைத் தாண்ட விடாது.

எனர்ஜி ஒட்டினோமா இல்லையா என்ற சண்டை எல்லா வீட்டிலும் வரும். ஒட்டும்போது வாய்விட்டுச் சொல்வதுதான் மருந்து. ஆடிய சப்போர்ட்டரை டர்ன் முடியும்வரை டிஸ்கார்டு பைலின் (ஆடி முடித்த கார்டுக் குவியலின்) பக்கத்தில் குறுக்காக வைத்திருங்கள். பார்த்தாலே தெரியும்.

அட்டாக்குக்கு வேண்டிய எனர்ஜியை, கார்டு சொன்னாலொழிய, தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும், அடுத்த டர்னிலும் உதவும். ரிட்ரீட் செய்தால் மட்டும் அதற்கான எனர்ஜி போய்விடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டவர்கள் ஐந்து ஆட்டம் ஆடிய பிறகும் ‘எனர்ஜியே போதவில்லை’ என்பார்கள்.

இனி டேமேஜ். நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். ஈஎக்ஸ் எனப்படும் வலுவான வகையில் மூன்று கார்டுகளை எடுத்துக்கொள்வோம்: அப்சிடியன் ஃப்ளேம்ஸ் செட்டின் சாரிஸார்டு ஈஎக்ஸ், ட்வைலைட் மாஸ்கரேடு செட்டின் டிராகபல்ட் ஈஎக்ஸ், ஸ்கார்லெட் அண்டு வயலட் முதல் செட்டின் கார்டெவோர் ஈஎக்ஸ்.

சாரிஸார்டின் அட்டாக் இரண்டு ஃபயர் எனர்ஜி கேட்கும். 180 டேமேஜ், எதிராளி எடுத்திருக்கும் ஒவ்வொரு ப்ரைஸுக்கும் 30 கூடும். நாம் எடுத்தவற்றுக்கு அல்ல, எதிராளி எடுத்தவற்றுக்கு. அவசரத்தில் படிப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். எதிரே 320 ஹெச்பி உள்ள டிராகபல்ட். எதிராளி 4 ப்ரைஸ் எடுத்திருந்தால் 180-உம் 120-உம் சேர்ந்து 300, விழாது. 5 எடுத்திருந்தால் 330, விழும். இப்போது எதிரே 310 ஹெச்பி உள்ள கார்டெவோரை வையுங்கள். அதன் வீக்னஸ் டார்க்னஸ். சாரிஸார்டு கேட்பது ஃபயர் எனர்ஜிதானே, வீக்னஸ் எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். வீக்னஸ் பார்ப்பது அடிக்கும் போக்கிமானின் வகையை, ஒட்டியிருக்கும் எனர்ஜியை அல்ல. இந்தச் சாரிஸார்டு கார்டின் மேல் மூலையில் இருப்பது டார்க்னஸ் சின்னம். ஆகவே 180 இரட்டித்து 360, ஒரே அடியில் நாக் அவுட்.

கணக்குப் போடும் வரிசை எப்போதும் ஒன்றே: கார்டில் உள்ள எண், அடிப்பவர் பக்கத்துக் கூட்டல் கழித்தல், வீக்னஸுக்கு இரண்டால் பெருக்கல், ரெசிஸ்டன்ஸுக்கு (ஒரு வகையைத் தாங்கும் தன்மைக்கு) 30 கழித்தல், கடைசியில் வாங்குபவர் பக்கத்துப் பாதுகாப்பு. கூட்டல் பெருக்கலுக்கு முன்னால் வருவதால் எதிராளி 1 ப்ரைஸ் எடுத்திருந்தால் கார்டெவோருக்கு விழுவது 210-இன் இரட்டிப்பான 420, 390 அல்ல. பெஞ்சில் இருப்பவற்றை அடிக்கும்போது வீக்னஸும் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் வராது.

இதைவிட நுணுக்கமானது ‘டேமேஜ்’ என்பதற்கும் ‘டேமேஜ் கவுன்ட்டர் வைப்பது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. சாரிஸார்டு ஒரு டெரா கார்டு. பெஞ்சில் இருக்கும்வரை அட்டாக்குகளால் அதற்கு டேமேஜ் இல்லை. ஆனால் டிராகபல்டின் பாண்டம் டைவ் ஆக்டிவுக்கு 200 டேமேஜ் கொடுத்துவிட்டு, எதிராளியின் பெஞ்சில் 6 டேமேஜ் கவுன்ட்டர்களை விருப்பம்போல் பகிர்ந்து வைக்கச் சொல்கிறது. கவுன்ட்டர் வைப்பது டேமேஜ் அல்ல. அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சாரிஸார்டின் மேலும் 6-ஐயும் வைக்கலாம், 60 ஏறும். இது அநியாயம் என்று சண்டை பிடிக்கும் பிள்ளைகளிடம் கார்டையே கொடுத்து இரண்டு வாசகங்களையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வேறுபாடு புரிந்தவருக்கு மற்ற கார்டுகளில் பாதி தானாகப் புரியும்.

எவால்வ் ஆனாலும் வாங்கிய அடி போகாது. சார்மாண்டர் மேல் 30 இருந்து அது சாரிஸார்டு ஆனால் 330-இல் 300 மிச்சம். எனர்ஜியும் கூடவே வரும்.

நோய் நிலைகள் ஐந்து. பாய்சன், பர்ன் இரண்டும் மார்க்கர் வைப்பவை. தூக்கம், பக்கவாதம், கன்ஃப்யூஷன் மூன்றும் கார்டைத் திருப்பி வைப்பவை. திருப்புகிற மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும், புதிது வந்தால் பழையது போய்விடும். டர்ன்களுக்கு இடையில் பாய்சனுக்கு 10, பர்னுக்கு 20, பிறகு பர்ன் தீருமா என்று காயின், தூக்கம் கலையுமா என்று காயின், கடைசியில் பக்கவாதம் விலகுவது. இந்த வரிசை மாறக் கூடாது. கன்ஃப்யூஷனில் அட்டாக் செய்ய முயன்று டெயில்ஸ் விழுந்தால் அட்டாக் நடக்காது, தன் மேலேயே 3 கவுன்ட்டர். பெஞ்சுக்குப் போனாலோ எவால்வ் ஆனாலோ ஐந்தும் தீர்ந்துவிடும்.

கார்டு வாசகத்தில் கவனிக்க வேண்டியது, எது விலை, எது பலன் என்பது. போக்கிமானைத் தேடித் தரும் அல்ட்ரா பால் கையில் உள்ள வேறு 2 கார்டை டிஸ்கார்டு பைலில் போடச் சொல்கிறது, அது விலை. 2 கார்டு இல்லையென்றால் அதை ஆடவே முடியாது. நெஸ்ட் பால் பேசிக்கைப் பெஞ்சில் இறக்குகிறது. பெஞ்ச் நிரம்பியிருந்தால் ஆட முடியாது. டெக்கில் குறிப்பிட்ட வகைக் கார்டைத் தேடச் சொன்னால் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லி மூடிவிடலாம். ஏதாவது ஒரு கார்டு என்று சொன்னால் கட்டாயம் எடுத்தாக வேண்டும். ஒரு கார்டு செய்யலாம் என்றும் இன்னொன்று முடியாது என்றும் சொன்னால் முடியாது என்பதே வெல்லும். டெக்கை முதல் முறை தேடும்போதே ப்ரைஸில் எது மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பழகுங்கள். ஒரே பிரதியாக வைத்திருக்கும் கார்டு ப்ரைஸில் போவதற்கு 10 சதவீதம் வாய்ப்பு.

கற்றது நின்றதா என்று பார்க்கச் சில கேள்விகள். பதிலைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

உங்களுக்கு 5 ப்ரைஸ் மிச்சம், எதிராளிக்கு 2. ஐயோனோ என்ற சப்போர்ட்டரை ஆடுகிறீர்கள். என்ன ஆகும்? இருவரும் கையைக் கலைத்து டெக்கின் அடியில் வைப்பீர்கள். மிச்சமுள்ள ப்ரைஸ் எண்ணிக்கைப்படி நீங்கள் 5, அவர் 2 எடுப்பீர்கள். திரும்ப டெக்கோடு சேர்த்துக் கலைப்பது தவறு.

ஆக்டிவ் தூங்குகிறது. கையில் ஆக்டிவைப் பெஞ்சோடு மாற்றும் ஸ்விட்ச் கார்டு இருக்கிறது. ஆடலாமா? ஆடலாம். தூக்கம் தடுப்பது அட்டாக்கையும் ரிட்ரீட்டையும் மட்டுமே.

டெக்கின் கடைசிக் கார்டையும் எடுத்துவிட்டீர்கள். தோற்றுவிட்டீர்களா? இல்லை. உங்கள் அடுத்த டர்னின் தொடக்கத்தில் எடுக்க முடியாதபோதுதான் தோல்வி. இந்த டர்னில் மீதி ப்ரைஸை எடுத்துவிட்டால் வெற்றி உங்களுடையது.

எதிராளியிடம் ஒரே ஒரு போக்கிமான், அதுவும் ஆக்டிவில். உங்களுக்கு 6 ப்ரைஸும் மிச்சம். அதை வீழ்த்தினால்? அவரிடம் ஆட வேறு போக்கிமான் இல்லை, வெற்றி உங்களுடையது. ஆட்டம் அங்கேயே முடிந்தது. சாதாரணப் போக்கிமானுக்கு 1, ஈஎக்ஸுக்கு 2, மெகா ஈஎக்ஸுக்கு 3 ப்ரைஸ் என்ற எண்ணிக்கை இங்கே பொருட்டில்லை.

வெளியில் ஆடப் போவதென்றால், இந்திராநகர், கோரமங்கலா போன்ற இடங்களில் உள்ள போர்டு கேம் கஃபேக்களில் விசாரித்துப் பாருங்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் இந்திராநகருக்கு நேராக வந்துவிடலாம். காரில் வந்து பதிவு நேரத்தைத் தவறவிடுவதைவிட அது நிச்சயம். எதிரே உட்காருபவர் கன்னடமோ இந்தியோ பேசலாம். வீட்டில் தமிழில் விளக்கிப் படித்திருந்தாலும் மேஜையில் கார்டின் ஆங்கிலச் சொல்லையே சொல்லுங்கள்: அட்டாக்கின் பெயர், ரிட்ரீட், பாஸ். அட்டாக் பெயரைச் சொல்லி, எத்தனை டேமேஜ் என்று சொல்லி, கவுன்ட்டரைக் கண்ணுக்குத் தெரிய வைத்தால் தகராறு வராது.

ஸ்டாண்டர்டு (சமீபக் கார்டுகள் மட்டும் செல்லும்) போட்டி என்றால் ஒவ்வொரு கார்டின் கீழ் இடது மூலையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். எந்த எழுத்துகள் செல்லும் என்பது அவ்வப்போது மாறும். 2025 ஏப்ரலில் எஃப் எழுத்துக் கார்டுகள் வெளியேறின. பழைய எழுத்துக் கார்டு அதே பெயரில், அதே வாசகத்தோடு புதிய எழுத்தில் திரும்ப அச்சாகியிருந்தால் பழையதையும் வைத்துக்கொள்ளலாம். டெக் பட்டியலை முந்தின இரவே எழுதி, கூட்டினால் 60 வருகிறதா என்று இருவராக எண்ணிப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, கார்டு எதையும் நகர்த்தாமல் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள். புதியவர்கள் கூச்சப்பட்டு எதிராளி சொன்னதை ஏற்றுக்கொள்கிறார்கள், அது வேண்டாம். இரண்டு டர்ன் கழித்துக் கூப்பிட்டால் பழைய நிலைக்குத் திருப்ப வழி இருக்காது. நடுவராகவே ஆக விரும்புகிறவர்களுக்கு புரொஃபசர் என்ற அதிகாரபூர்வத் திட்டம் இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். அதற்குப் படிக்கிறவர்கள் அதிகாரபூர்வ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விதிப் புத்தகத்தோடு போட்டி விதிமுறைக் கையேட்டையும் சேர்த்துப் படியுங்கள். ஆட்ட விதி வேறு, போட்டி விதி வேறு. டெக் பட்டியல், நேரம், தண்டனை ஆகியவை இரண்டாவதில்தான் இருக்கின்றன.