ஃபேன் கொக்கியில் ஒரு சொட்டு

மே 2

நேற்று சாயங்காலம் அரை மணி நேரம் நல்ல மழை. வேலூரில் எங்கள் சத்துவாச்சாரி ஏரியாவே வாசலுக்கு வந்து கையை நீட்டி நனைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு ஹாலில் ஃபேன் கொக்கியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து சரியாக அதன் கீழே வைத்தார். மூன்று வருஷமாகப் பழகிய கை.

நான் முதலில் ஓடியது ஸ்விட்ச் போர்டுக்கு. ஹால் லைனை இறக்கிவிட்டு வந்த பிறகுதான் துடைப்பம், துணி எல்லாம். ஒழுகும் தண்ணீர் ஃபேன் வழியாக வந்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. சாமி 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆற்றில் இல்லாத தண்ணீர் எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டது.

போன வருஷம் ஒருவர் வந்து மாடி முழுக்க வெள்ளையாக ஏதோ அடித்துவிட்டு 18,000 ரூபாய் வாங்கிப் போனார். "அஞ்சு வருஷம் கவலை இல்ல மேடம்." இப்போது போனை எடுப்பதில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இவரும் ஓசூரிலிருந்து சனி, ஞாயிறுதான் வருவார். நானே பார்க்கிறேன்.

மே 3

காலை ஆறு மணிக்கே மாடி. போன வருஷத்து வெள்ளைப் பூச்சு அப்பளம் மாதிரி கையோடு வந்தது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் தூசி. ஆக, தரையைக் கழுவாமல் தூசியின் மேலேயே அடித்திருக்கிறார். பூச்சு தூசியைப் பிடித்துக்கொண்டது, தூசி எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

வீடு 1987-இல் மாமனார் கட்டியது. பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வீடு மட்டும் அதே இடத்தில் ஒழுகிக்கொண்டிருக்கிறது. கான்கிரீட் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், அதன் மேல் தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கட்டையால் அடித்ததை அத்தை இன்றைக்கும் சொல்வார். அந்தத் தண்ணீருக்கு எறும்பு வந்ததையும் சேர்த்துத்தான்.

ஃபேனுக்கு நேர் மேலே இரண்டு ஓடுகளுக்கு நடுவில் ஒரு விரிசல். கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சிமெண்டைக் குழைக்கப் போனபோது எதிர் வீட்டு மேஸ்திரி தாத்தா தன் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னா டீச்சர் பண்ற?"

சொன்னேன்.

"சொட்டு வுழுற எடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை கீதுன்னு யாரு சொன்னது? தண்ணி இன்னா ரூல்தடி வெச்சிகினா வருது? மொதல்ல தண்ணி கட்டிப் பாரு."

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மேஸ்திரி சொன்னபடி களிமண்ணைப் பிசைந்து, விரிசலைச் சுற்றி நான்கடிக்கு நான்கடி வரப்பு கட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டேன். வயலில் நாற்றங்கால் மாதிரி இருந்தது. ஒரு நாள் முழுக்க நிற்க வேண்டும். கீழே சொட்டினால் குற்றவாளி இதுதான்.

ஒரு சிக்கல். இந்த வெயிலில் தண்ணீர் தானாகவே வற்றும். வற்றியதா, இறங்கியதா என்று எப்படித் தெரியும்? அதனால் பக்கத்திலேயே ஒரு தாம்பாளத்தில் அதே இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்தேன். தாம்பாளத்தில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வெயிலுக்கு. வரப்பில் அதற்கு மேல் குறைந்தால் வீட்டுக்கு. இந்த யோசனை என்னுடையது. மேஸ்திரியே தலையாட்டினார், அது சாமானியம் இல்லை.

மே 5

இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருக்கிறது. ஹாலில் ஒரு சொட்டு இல்லை. நேற்று முன்தினம் நான் அடைக்கப்போன விரிசல் நிரபராதி.

வரப்பை உடைத்து கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கட்டினேன்.

மே 6

அங்கேயும் இல்லை. காக்கைகள் குளித்துவிட்டுப் போயின.

மே 7

கடைசியாக மழைத்தண்ணீர் வெளியேறும் பைப்பின் வாய். துணியை உருட்டி அடைத்துவிட்டு, சுற்றி வரப்பு கட்டித் தண்ணீர் விட்டேன். பத்து மணிக்கு விட்டது. பன்னிரண்டரைக்குச் சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருக்கிறேன், ஹாலிலிருந்து "டங்" என்று அண்டா. அத்தை கை தட்டிச் சிரிக்கிறார்! வீடு ஒழுகுவதைப் பார்த்து மாமியாரும் மருமகளும் சந்தோஷப்பட்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்தப் பைப் ஃபேனிலிருந்து ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. மேஸ்திரி விளக்கினார். பைப் ஓரமாக இறங்கிய தண்ணீர் ஜல்லித் தளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் படர்ந்து, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே போகும். ஃபேனுக்கு ஒயர் போகிற குழாய் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கிறது. அதற்குள் நுழைந்துவிட்டால் நேராக ஃபேன் கொக்கிதான் வாசல்.

எலக்ட்ரீசியனை வரச் சொல்லியிருக்கிறேன். ஒயரைப் பார்க்காமல் அந்த லைனை ஏற்றப்போவதில்லை. இந்த ஒரு வேலையை நானே செய்ய மாட்டேன்.

மே 9

வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குத்தான் வேலை. உளியை வைத்து பைப்பைச் சுற்றி ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்தினேன். பழைய பூச்சு பைப்பை விட்டு விலகி, நகம் நுழைகிற அளவு வளையமாக இடைவெளி. பிளாஸ்டிக் பைப் வழவழவென்று இருக்கும், சிமெண்ட் அதைக் கவ்வாது. பூசிய அன்றைக்கு ஒட்டினமாதிரி இருக்கும், வெயிலுக்கு நீளும் குளிருக்குச் சுருங்கும், கொஞ்ச நாளில் விலகிவிடும்.

கலவை போட்டேன், பூசினேன், கோணிப்பையை நனைத்து மூடினேன். பெருமையாக இறங்கி வந்தேன்.

மே 10

கோணியை எடுத்தால் பூச்சில் மூன்று வெடிப்பு. மேஸ்திரி மூட்டையில் கைவிட்டு ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை.

"இது சிமெண்டா, உப்புமாவா?"

பொங்கலுக்கு முன்னால் வாசற்படி போட வாங்கிய மிச்சம். மூன்று மாதம் தாண்டினாலே சிமெண்டுக்கு வலு குறையும், கட்டி தட்டினால் தூக்கிப்போட வேண்டியதுதான். அதோடு நான் தண்ணீரையும் தாராளமாக ஊற்றியிருக்கிறேன். கரணையைக் கவிழ்த்தாலும் கலவை விழக் கூடாதாம். என்னுடையது மோர்க்குழம்பு மாதிரி இருந்தது.

மே 11

எல்லாவற்றையும் கொத்தி எடுத்து மறுபடியும். இந்த முறை பைப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்தேன். தூசியைக் கழுவினேன். சிமெண்டை ஒட்டவைக்கிற, பால் மாதிரி இருக்கும் திரவம் ஒன்று ஹார்டுவேர் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதையும் புது சிமெண்டையும் கூழாகக் கரைத்து முதலில் பிரஷ்ஷால் தடவி, அது காய்வதற்குள் கெட்டிக் கலவையை அழுத்தி அடைத்தேன். மேலே பைப் வாயை நோக்கி வாட்டமாக, அதாவது சரிவாக, இழுத்துவிட்டேன். மாடித் தரைக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. எங்கள் மாடியில் பைப் வாய்தான் இருப்பதிலேயே மேடாக இருந்தது! தண்ணீர் பாவம், வெளியே போக ஏறிப்போக வேண்டியிருந்திருக்கிறது.

மே 18

ஏழு நாள் கோணியை நனைத்ததைத் தவிர எழுத ஒன்றுமில்லை. காலை, மதியம், சாயங்காலம். மதியம் செருப்பு இல்லாமல் ஏறி ஒரு தடவை துள்ளினேன். எலக்ட்ரீசியன் வந்து பழைய ஒயரை உருவிப் புதிது இழுத்துவிட்டுப் போனார்.

மே 20

மாடிக்கு வந்ததே வந்தோம் என்று வெயிலுக்கும் ஒரு வழி. லாங் பஜார் பக்கம் போய்ப் பத்து கிலோ கல் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். பழைய இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கல்லை ஒவ்வொன்றாக. போட்ட நொடியில் ஒன்றுமில்லை. மெல்ல ஒரு முனகல். அப்புறம் தளதளவென்று கொதித்து ஆவி. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நின்றேன், பக்கத்து வீட்டுப் பையனை மாடிப்படிக்கே விரட்டிவிட்டேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. பிளாஸ்டிக் பக்கெட் என்றால் இளகியிருக்கும்.

மே 21

இரவெல்லாம் ஊறியதை மாமனாரின் பழைய வேட்டியில் வடிகட்டி, அரை கிலோ ஃபெவிகால் கலந்து, விடியற்காலை ஐந்தரைக்குத் தென்னை விளக்குமாற்றால் அடித்தேன். அடிக்கும்போது வெறும் நீர்மோர். ஓட்டின் சிவப்பு அப்படியே தெரிகிறது. பணம் போச்சு என்று நினைத்தேன். காப்பி குடித்துவிட்டு ஏறினால் மாடி முழுக்கக் கண் கூசுகிற வெள்ளை.

சுண்ணாம்பு வெயிலுக்குத்தான், மழைக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே பூச்சு என்று நம்பித்தான் போன வருஷம் ஏமாந்தேன்.

மே 22

இரண்டாவது கை அடித்தாயிற்று. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி ஹால் சீலிங்கில் உள்ளங்கையை வைத்தேன். போன வாரம் தோசைக்கல் ஆறுகிற சூடு இருந்தது. இப்போது சுவர் அளவுக்குத்தான். அத்தைக்கு நம்பிக்கை இல்லை. "மலை சூட்டை இன்னா பண்ணுவே?" என்கிறார். அதுவும் சரிதான், எதிரே பாறையாக நிற்கிற மலை ராத்திரி முழுக்க மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

ஜூன் 6

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு இடியோடு பிடித்தது. நல்ல கனமழை, ஒரு மணி நேரத்துக்கு மேல். கரெண்ட் போய்விட்டது. டார்ச்சை அடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மாடிப் பைப்பிலிருந்து தண்ணீர் வாய்க்கால் மாதிரி தெருவில் கொட்டியது. திரும்பி வந்தால் அத்தை இருட்டிலேயே அண்டாவை ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார்.

"சரி பண்ணியாச்சே அத்தை."

"இருக்கட்டும்மா."

காலையில் எழுந்து பார்த்தேன். அண்டா காய்ந்துபோய்க் கிடந்தது, உள்ளே ஒரு பல்லிக்குட்டி சுற்றிக்கொண்டிருந்தது. அத்தை அதை வாசலில் கவிழ்த்துவிட்டு, அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார்.