பதினோராவது தட்டில் மொட்டு விரிந்தது

ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. இசைத்தட்டைப் போலச் சுழலும் ஒரு தட்டில் வட்டமாகப் படங்கள் வரைந்து, ஊசி ஓட நானே ஒரு தடமும் கீறியிருக்கிறேன்; சுழலும்போது கேமரா வழியே பார்த்தால் படங்கள் அசைகின்றன. ஊசியை ஒட்டிய இடத்தில் மொட்டு முழுதாக விரிகிற அதே கணத்தில் ‘டக்’ என்று கேட்கிறது. தட்டின் மற்ற இடங்களில் அந்த விரிதல் அலைபோல் சுற்றி ஓடுகிறது. நேற்றிரவு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான்: நிமிடத்துக்கு 33⅓ சுற்று, கேமராவில் நொடிக்கு 25 படம், ஆகவே சுற்றுக்கு 45 படம். நான் தடுமாறியது ஒலியில். மூடிய தடம், அதாவது ஊசி உள்ளே நகராமல் ஒரே வட்டத்தில் சுற்றும் தடம், 1.8 நொடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். அதற்குள் நான்கு அடி (‘டக்’ என்ற தாள ஒலி) வைத்தேன். 45ஐ நான்கால் வகுத்தால் 11¼. முதல் அடியைத் தவிர மற்ற மூன்றும் இரு படங்களுக்கு நடுவே விழுந்தன. பிறகுதான் கர்நாடக இசைத் தாளத்தில் ஐந்தாக எண்ணும் கண்ட நடை நினைவுக்கு வந்தது. தகதகிட: ஐந்து அடி, அடிக்கு ஒன்பது படம், 72 பாகை. 45 என்ற எண் கண்டத்துக்கென்றே பிறந்திருக்கிறது!

தடம் போடுவதுதான் பெரும்பாடு. 1 மி.மீ. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு, கவராயத்தின் முனையில் கார்பைடு ஊசி. ஒரே மூச்சில் அழுத்திக் கீறினால் இரு கரையிலும் பிசிறு எழும்பி, ஊசியை வெளியே தள்ளிவிடும். ஏழெட்டு முறை இலேசாகச் சுற்றி, ஒவ்வொரு முறையும் பழைய பல்துலக்கியால் பிசிறைத் துடைக்க வேண்டும். எல்பி (33⅓ சுற்று இசைத்தட்டு) ஊசி சரிப்படாது. கையால் போட்ட அகலத் தடத்தின் அடியில் உரசி இரைகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கான தடித்த ஊசிதான் கரைகளில் பொருந்தி உட்காருகிறது. அடிக்கான கீறலைத் தடத்தின் குறுக்கே வெட்டவே வெட்டாதீர்கள். நான்கு தட்டுகளை அப்படித்தான் இழந்தேன். வெளிக்கரையில் மட்டும் கத்தி முனையால் ஒரு பொட்டு போதும்.

ஷட்டரை 1/1000இல் வையுங்கள். 14 செ.மீ. ஆரத்தில் தட்டு நொடிக்கு ஏறத்தாழ 49 செ.மீ. ஓடுகிறது, 1/50 என்றால் இதழ் ஒரு செ.மீ. இழுபட்டுவிடும். படத்தின் அகலமே இரண்டு செ.மீ.தான்.

பாலிகார்பனேட்டுக்கு விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் மிஞ்சும் துண்டுகளே போதும். இணையத்தில் வாங்கிய தாள் அக்ரிலிக்காக வந்து சேர்ந்தது. கீறினால் பொடியாக உதிர்கிறது. பணம் போனதுதான் மிச்சம்.

கேமரா இல்லாமலும் அசைவு தெரியவேண்டும் என்று, மின்னி மின்னி எரியவைக்க சென்னை ரிச்சி தெருவில் எல்இடி விளக்குப் பட்டை வாங்கினேன். ஆனால் நொடிக்கு 25 முறை மின்னும் விளக்கு சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம் என்பதால், பிறர் முன்னால் அதைப் போட மனம் வரவில்லை. 1956இல் அமெரிக்காவில் வந்த ரெட் ரேவன் என்ற அசைபட இசைத்தட்டுகளைப் போல, நடுவில் பலமுகக் கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறேன். கண்ணாடி வெட்டித் தருபவரிடம் பேசியாகிவிட்டது.

அதற்கு முன் இதே தட்டின் உள்வட்டத்தில் இன்னொரு தடம் பாக்கி. அது திஸ்ரம்: மூன்று அடி, அடிக்கு 15 படம். மீன் வரையலாமென்று இருக்கிறேன். இதுவரை ஆறு படம் முடிந்திருக்கிறது.