பொம்மைக்குள் ஒளிந்திருக்கும் காந்தம்

குழந்தை விழுங்கிய சிறு பொருள் இரைப்பையை எட்டிவிட்டால், பெரும்பாலும் சில நாள்களில் மலத்தோடு வெளியேறிவிடும். ‘தானாக வந்துவிடும்’ என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வது அந்த அனுபவத்தினால்தான். காந்தத்தைப் பொறுத்தவரை அந்த ஆறுதல் ஆபத்தானது.

முன்பு பொம்மைகளில் இருந்தவை பெரும்பாலும் ஃபெரைட் காந்தங்கள். கறுப்பு நிறத்தவை, வலிமை குறைந்தவை. 1980-களில் நியோடைமியம் என்ற உலோகம், இரும்பு, போரான் ஆகியவை சேர்ந்த காந்தங்கள் உருவாக்கப்பட்டன. அவை ஒரே அளவுள்ள ஃபெரைட்டைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் கொண்டவை. மிளகளவு உருண்டைக்குள் இவ்வளவு இழுவிசை இருக்கும் என்று பார்ப்பவருக்குத் தோன்றாது என்பதே சிக்கலின் தொடக்கம்.

ஒரே ஒரு காந்தம் வயிற்றுக்குள் போனால் அது வெளியேறிவிட வாய்ப்புண்டு. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் குழந்தை விழுங்கியிருந்தால், குடலின் ஒரு மடிப்பில் இருக்கும் காந்தம் வேறொரு மடிப்பில் இருக்கும் காந்தத்தை இழுத்து, இடையிலுள்ள குடல் சுவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் நின்று, திசு அழுகி, துளை விழுந்து, குடலில் உள்ளவை வயிற்றறைக்குள் கசிந்து, உயிருக்கே ஆபத்தான தொற்று உண்டாகலாம். இரண்டாவதாக விழுங்கியது காந்தமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சிறு இரும்புத் துண்டும் இதே வேலையைச் செய்யும்.

இதில் என்னை மிகவும் கலங்கவைப்பது, தொடக்கத்தில் குழந்தை நன்றாகவே இருக்கும் என்பதுதான். பிறகு வரும் வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல் ஆகியவை சாதாரண வயிற்றுக் கோளாறு போலவே தெரியும். சின்னஞ்சிறு குழந்தையால் நடந்ததைச் சொல்ல முடியாது. மூக்கிலும் நாக்கிலும் நகை குத்தியது போல் காட்டிக்கொள்ளக் காந்த உருண்டைகளை வைத்து விளையாடும் பெரிய பிள்ளைகளோ, திட்டுக்குப் பயந்து சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

2005-இல் அமெரிக்காவில் கட்டுமான விளையாட்டுப் பொருளிலிருந்து கழன்ற காந்தங்களை விழுங்கிய குழந்தை இறந்த பிறகே, அங்குள்ள பொம்மைத் தரநிலையில் காந்தத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. இப்போதைய பொம்மைத் தரநிலைகளின் சாரம் இதுதான்: கழன்று வரக்கூடிய காந்தம் விழுங்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தால், அது வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும். காந்தப்புல வலிமையின் வர்க்கத்தை, காந்த முனையின் பரப்பளவால் பெருக்கி வரும் குறியீட்டெண், 50-க்குக் கீழே (கிலோகாஸ்² மி.மீ.² அலகில்) இருக்க வேண்டும்.

பெரியவர்களின் மனஅழுத்தம் தீர்க்க என விற்கப்பட்ட காந்த உருண்டைகள் பொம்மை என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை. அவற்றுக்காக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் கொண்டுவந்த விதியை 2016-இல் நீதிமன்றம் நீக்கியது. 2022-இல் புதிய விதி வந்தது. பெட்டியில் அச்சிடும் வயது எச்சரிக்கையே போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உருண்டைகள் வெளியே வந்தபின் பெட்டியை யார் பார்க்கிறார்கள்? இருநூறுக்கு மேற்பட்ட உருண்டைகளில் இரண்டு குறைந்தால் எவருக்கும் தெரியாது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இத்தகைய உருண்டைகளை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. பிளாஸ்டிக்குக்குள் காந்தம் பதித்த கட்டைகளை அனுமதிக்கலாம். ஆனால் விளிம்பில் விரிசல் தெரிந்த கட்டையை, பசை போட்டு ஒட்டாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உணவும் கொடுக்கக் கூடாது. ‘காந்தம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதே போன்ற இன்னொன்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்கள் எக்ஸ்ரேயில் ஒன்றாகத் தெரியக்கூடும் என்பதால் பக்கவாட்டிலும் படம் எடுப்பார்கள், வலிமையான காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவே கூடாது. காந்தம் இரைப்பையில் இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போய்விட்டால் எண்டோஸ்கோபி (வாய் வழியாகச் செலுத்தும் குழாய்) மூலம் அதை வெளியே எடுக்க முடியும். குடலுக்குள் இறங்கியபின் பல நேரங்களில் அறுவை சிகிச்சைதான் வழி.