ஐப்பசி மழையில் கப்பல் ஏறலாமா? நாங்கள் பட்ட பாடு

தீபாவளி நோம்பிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் பூட்டிக் கிடக்கும். எங்களைப் போல நாலு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு வருசத்தில் பெரிய லீவு என்றால் அது ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழையும் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். இந்த ரெண்டையும் சேர்த்து யோசிக்காமல், ஆகஸ்டிலேயே கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பல் டூர் போட்டுவிட்டோம். அஞ்சு நாள். ராத்திரியெல்லாம் கப்பலில், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று நாளுக்கு ஒரு தீவு. மாமா, அத்தை, வீட்டுக்காரர், நான், ஒன்பது வயசுப் பாப்பா. மொத்தச் செலவு ரெண்டு லட்சத்தை நெருங்கியது.

லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குப் போலீஸ் சான்று கேட்டார்கள். எல்லாம் நல்லபடியாக வந்தது, அத்தைக்குத் தவிர. ஆதாரில் பேர் ‘அம்மாள்’ என்று முடிகிறது, வாக்காளர் அட்டையில் ‘ஆத்தாள்’ என்று முடிகிறது. ரெண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மூணு நடை. கொங்குநாட்டு வீடுகளில் பாதிப் பெரியவங்களுக்கு இந்தக் கதைதான், அதனால் பணம் கட்டுவதற்கு முன்னாடியே அட்டைகளை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்க.

கிளம்புவதற்குப் பதினேழு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் போனை நீட்டினார். நாங்கள் போகிற அஞ்சு நாளுக்கும் வரிசையாக மேகம், மின்னல், சொட்டு.

“ஏம்புள்ள, அஞ்சு நாளும் மழைங்குது. ரத்து பண்ணீரலாமா?”

அத்தை அடுப்படியிலிருந்தே கேட்டார்கள்: “மழைன்னா நம்மூர்ல கும்புடுவாங்க சாமி, நீ எதுக்குப் பயப்படற?”

அப்போதுதான் ஏஜென்ட் கொடுத்த காகிதத்தை முழுசாகப் படித்தேன். நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில்: 15 நாளைக்கு முன்னால் ரத்து செய்தால் பாதிப் பணம், ஒரு வாரம் வரைக்கும் கால் பங்கு, அதற்குள் வந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. கப்பலே கிளம்பவில்லை என்றால் முழுப் பணம். கப்பல் கிளம்பி, தீவில் இறங்க முடியாமல் போனால் அதற்குப் பைசா கிடையாது. இந்தக் கடைசி வரியைத்தான் புக்கிங் செய்யும்போது யாரும் வாயால் சொல்லவில்லை.

சிக்கல் எங்கே என்றால், பாதிப் பணமாவது திரும்பி வருகிற தேதி பதினஞ்சு நாளைக்கு முன்னால் முடிகிறது. வானிலையை ஓரளவுக்கு நம்பிச் சொல்ல முடிவதோ நாலஞ்சு நாளைக்கு முன்னால்தான். பதினேழு நாளைக்கு முன்னால் போனில் தெரிகிற மேகப் படத்துக்கு, “ஐப்பசியில் மழை பெய்யும்” என்பதைத் தாண்டி அர்த்தம் இல்லை. அதைச் சொல்ல நம்ம அத்தையே போதும்.

ரத்து வேண்டாம், தேதியை மாற்றிக் கேட்போம் என்று கோயமுத்தூருக்குக் கிளம்பினேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆபீசில் போனை எடுத்தால் ‘நேர்ல வாங்க’ என்பார்கள். நோம்பித் துணி எடுக்கிற கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினால், முடிவு சொல்ல வேண்டியவர் லீவு. இருந்த தம்பி கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“மழைக்குக் கப்பல் என்னங்க்கா, கரைஞ்சா போயிரும்?”

தேதி மாற்றினால் அனுமதிச் சீட்டை முதலிலிருந்து போட வேண்டும், அடுத்த தேதி ஜனவரியில்தான், அதற்கும் தனிக் கட்டணம். ஜனவரியில் எங்களுக்கு ஆர்டர் நேரம், தலை சொறிய நேரமிருக்காது. அரை நாள் போனது, பஸ் காசு போனது. பாதிப் பணம் கிடைக்கிற கெடுவும் ரெண்டு நாளில் போய்விட்டது.

தெளிவு வேறு ஒருத்தரிடமிருந்து வந்தது. எங்களிடம் சரக்கு எடுக்கிற கொச்சிக் கடைக்காரர் ஒருத்தர், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததே தீவில்தான். அவரிடம் மழையைப் பற்றிக் கேட்டால் சிரித்தார். “மழ ப்ரஸ்னமில்ல சேச்சி, காற்றும் கடலும் நோக்கணும்.” பெரிய கப்பல் தீவின் ஓரம் வரைக்கும் போகாதாம். பல இடத்தில் பவளப்பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டுவிடுவார்களாம். அங்கிருந்து சின்ன போட்டில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலை தூக்கினால் அந்தப் போட்டு கப்பலோடு ஒட்டி நிற்காது, ஆளை இறக்க மாட்டார்கள். மழை கொட்டினாலும் கடல் அமைதியாக இருந்தால் இறங்கிவிடலாம்.

முட்டி வலிக்காரியான அத்தையை வைத்துக்கொண்டு நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இது. ஏஜென்ட் காட்டிய வண்ணப் படங்களில் எல்லோரும் கரையில் நின்று சிரிக்கிறார்கள், கரைக்கு எப்படி வந்தார்கள் என்று ஒரு படமும் இல்லை.

அதற்குப் பிறகு மேகப் படம் பார்ப்பதை விட்டேன். வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குக் கொடுக்கிற எச்சரிக்கையை வெள்ளென எழுந்து படிப்பேன். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் கடல்பகுதி வாரியாக அலை உயரம் போடுகிறது, அதையும் பார்ப்பேன். கிளம்புவதற்கு ஆறு நாள் இருக்கையில் ‘குமரிக்கடல் பகுதியில் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி’ என்று வந்தது. நாலு நாள் இருக்கையில், லட்சத்தீவு, தென்கிழக்கு அரபிக்கடல் பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம் என்று வந்தது. வயிற்றைக் கலக்கியது. ஆனால் அந்த அறிவிப்பில் எந்தத் தேதி வரைக்கும் என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாளோடு முடிந்தது.

வீட்டுக்காரர், கொச்சி இருக்கிற எர்ணாகுளம் மாவட்டத்துக்கு வந்த மஞ்சள் எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டார். அது தரையில் பெய்கிற மழைக்கு, ஒரு நாளில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரைக்கும் பெய்யலாம் என்று அர்த்தம். கார் ஓட்டுகிறவருக்கு அது கவலைதான், கப்பலுக்கு அல்ல. மாமா பேப்பர் படிக்கிற மனுசர், ஒக்கிப் புயலை ஞாபகப்படுத்தினார். 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரிப் பக்கம் மளமளவென்று புயலாகி, லட்சத்தீவு வழியாகவே போனது. அதை யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. கடைசியில் வீட்டில் ஒரு கணக்குப் போட்டோம்: அறிவிப்பில் ‘தாழ்வு மண்டலம்’ (புயலாக மாறக்கூடிய கட்டம்) என்ற சொல் வந்துவிட்டால், பணம் போனாலும் போகட்டும், வீட்டில் இருந்து முறுக்குத் தின்னலாம். ‘சுழற்சி’ என்ற அளவிலேயே நின்றால் போவது. முந்தின நாள் காலை வரைக்கும் சுழற்சிதான்.

வாளையார் தாண்டி, குதிரான் சுரங்கம் தாண்டி, அங்கங்கே ரோடு வேலையில் நின்று கொச்சி போய்ச் சேர்ந்தோம். துறைமுகத்தில் நாலு மணி நேரம் மழையில் காத்துக் கிடந்தோம். பைகளுக்குள் துணியை பாலித்தீன் கவரில் போட்டு வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நாங்கள் பீஸ் பேக் பண்ணுகிற அதே கவர்தான்.

முதல் ராத்திரி கப்பல் தொட்டில் மாதிரி ஆடியது. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். (எந்த மாத்திரை, குழந்தைக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடமே கேளுங்க.) அறை கேட்கும்போது கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்க, அங்கே ஆட்டம் குறைவு. எங்களுக்கு அது தெரியாது, முன்பக்க அறை. வீட்டுக்காரர் விடிய விடியக் கக்கூசில். அத்தை எட்டு மணிக்குப் படுத்தவர்கள் ஆறு மணிக்கு எழுந்து காபி கேட்டார்கள்.

கவரத்தியில் மழை ஊற்றியது, ஆனால் போட்டு ரொம்ப ஆடாமல் நின்றது. அத்தை, கோபிப் பக்கம் நாத்து நட்டு வளர்ந்தவர்கள், கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். ரெண்டு மாலுமிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, போட்டு மேலே வருகிற நேரம் பார்த்து “இப்போ!” என்றதும் ஒரே எட்டு. எனக்குத்தான் மூணு தடவை கால் வரவில்லை.

அடுத்த நாள் கல்பேனி. வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம், ஒரு பொட்டு மேகம் இல்லை. தீவு கண்ணெதிரே, தென்னை மரம் எண்ணலாம். இறக்கவில்லை. மழை இல்லாவிட்டாலும் முந்தின நாட்களில் அடித்த காற்று கிளப்பிவிட்ட அலை ஓயவில்லை, போட்டு ஒரு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. 1847இல் அடித்த புயல் வாரிப் போட்ட பவளக் கற்கள் அந்தத் தீவின் கிழக்குக் கரையில் இன்றைக்கும் மேடாகக் கிடக்கின்றனவாம். கப்பல் தளத்தில் நின்று வீட்டுக்காரருக்கு அதைப் படித்துக் காட்டினேன், அவர் ரசிக்கிற நிலையில் இல்லை. பாப்பா அழுதாள்.

மினிக்காயில் இறங்கினோம். 1885இல் கட்டின கலங்கரை விளக்கம், சூரை மீன், நல்ல வெயில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊருக்கு வந்ததும் ஏஜென்டுக்கு எழுதினேன். தீவில் இறங்காததற்குப் பணம் கிடையாது, நாலாம் பக்கத்தைப் பாருங்கள் என்று பதில் வந்தது. பார்த்தேன். ஆனால் கல்பேனியில் துடுப்புப் படகு, கண்ணாடி மாட்டி நீந்துவது ரெண்டுக்கும் தனி ரசீது போட்டு வாங்கியிருந்தார்கள், அந்த ரசீதில் திருப்பித் தர மாட்டோம் என்று ஒரு வரியும் இல்லை. ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். ரெண்டு வாரம் பதில் இல்லை, மறுபடி அனுப்பினேன், பிறகு தினம் ஒரு தடவை அனுப்பினேன். போன வெள்ளிக்கிழமை 4,500 ரூபாய் வந்துவிட்டது. அலையில் எட்டு வைத்தது தான்தான் என்று சொல்லி அத்தை அதை வாங்கித் தன் சிறுவாட்டில் போட்டுக்கொண்டார்கள்.